வெள்ளகோவில் வந்தால் கொதிக்கும்

எங்க பியட் காரு சூலூர்ல கிளம்பி காங்கயம் வரைக்கும் குதிரையாட்டம் ஓடும். வெள்ளகோவில் வந்தாப் போதும், புஸ்ஸுன்னு ஆவி விட்டுக்கிட்டு நின்னுபோடும். அதுவும் எங்க மக பூங்கோதை ஊட்டுக்கு முன்னால.

விரும்பினவனைக் கட்டிக்கிட்டான்னு அவளைத் தலைமுழுகினவரு எங்க ஊட்டுக்காரரு. செத்தாலும் அவ வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சனத்துக்கு முன்னால சொன்ன மனுசன். ஆனா அமாவாசைக்கு அமாவாசை குலதெய்வம் கோயிலுக்குப் போக அந்த ரோடுதான்.

காரு நின்னா நான்தான் இறங்கோணும். இஞ்சின் ஆறற வரைக்கும் மக ஊட்டுல உக்காந்திருப்பேன். அப்புறம் மாசமா இருக்கற அந்தப் புள்ள குடத்தைத் தூக்கிட்டு வந்து தண்ணி ஊத்துவா. இவரு இறங்கவும் மாட்டாரு, பேசவும் மாட்டாரு. லாரி வருதான்னு பார்க்கறாப்பல கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு.

எனக்கு வயிறு எரிஞ்சுது. தகப்பன் காருக்கு மக தண்ணிக்காரியா? இந்த அமாவாசைக்குள்ள கோளாறைக் கண்டுபிடிக்காம விடறதில்லைன்னு கங்கணம் கட்டிக்கிட்டேன்.

பட்டறை சிக்கந்தர்கிட்டப் போயி, என்னென்ன பார்க்கோணும்னு கேட்டுக்கிட்டேன். சூட்டோட மட்டும் ரேடியேட்டர் மூடியைத் தொறந்துராதீங்கக்கா, மூஞ்சி வெந்துரும்னு எச்சரிச்சாரு.

பொழுதோட காருக்கடியில அட்டையை விரிச்சு வெச்சேன். காலையில ஒரு சொட்டு ஈரமில்லை. ஆறின இஞ்சின்ல மூடியைத் தொறந்து பார்த்தேன், தண்ணி தளும்ப நின்னுச்சு. ரப்பர் குழாயை அமுக்கிப் பார்த்தேன், வெடிப்பில்லை. பேன் பெல்ட்டும் விறைப்பாத்தான் இருந்துச்சு. ஸ்டார்ட் பண்ணி ரொம்ப நேரம் ஓடவிட்டேன். சூடு காட்டற முள்ளு பாதியைத் தாண்டலை.

"சமையக்கட்டை விட்டுப்போட்டு மெக்கானிக் ஆயிட்டயா?"ன்னு இவரு நக்கலடிச்சாரு. விரல்ல இருந்த கொப்புளத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டிருந்தாரு. போன அமாவாசைக்குக் காங்கயத்துல டீ கொட்டிருச்சாம்.

அமாவாசையும் வந்துச்சு. காங்கயம் வரைக்கும் முள்ளு பாதியை விட்டு அசையலை. ஜெயிச்சுட்டோம்னு எனக்குக் கொண்டாட்டம்.

வழக்கம்போல டீக்கடையில நிறுத்தினாரு. எனக்கு டீ சொல்லிப்போட்டு, வாரேன்னு காருப் பக்கம் போனாரு. கைப்பையைக் காருலயே வெச்சுட்டேன்னு நானும் பின்னால போனேன்.

வெள்ளை வேட்டியோட ரோட்டுல மண்டி போட்டு உக்காந்திருந்தாரு. ரேடியேட்டருக்கு அடியில இருக்கற திருகைத் தொறந்து விட்டிருந்தாரு. கொதிக்கற தண்ணி மண்ணுல ஓடுச்சு. பாதி போனதும் மூடிப்போட்டு, சுட்ட விரலை வாயில வெச்சுக்கிட்டாரு.

சத்தம் காட்டாமத் திரும்பி வந்துட்டேன். கண்ணு கலங்கிப்போச்சு. டீயை எப்படிக் குடிச்சேன்னே தெரியலை.

காரு கிளம்பினதும் ஓரக்கண்ணுல என்னைப் பார்த்தாரு.

"என்ன புள்ள, கோளாறைக் கண்டுபிடிச்சுட்டயா?"

"எனக்கென்னங்க தெரியும்? இன்னைக்குத் தண்ணி மட்டும் நானே ஊத்திக்கறேனுங்க. வெயில் வேற சாஸ்தியா இருக்குது, இஞ்சின் ஆற ரெண்டு மணி நேரமாச்சும் ஆகுமுங்க."