பெட்ரோல் குடிக்கும் பேபி கார்

"நாளைக்குத் தோணி ஏறுறதுக்குள்ள இந்த வண்டியைத் தள்ளிவிட்டுட்டுத்தான் மறுவேலை," என்றான் ஹென்றி.

"கிடந்துட்டுப் போட்டுமே. அது என்ன சோறா கேக்குது?" என்றாள் அவன் மனைவி இசபெல்லா, காபி டம்ளரை நீட்டியபடி.

"சோறு கேட்டா போட்டிருவேன். பெட்ரோலுல்லா கேக்குது."

யுத்தம் முடிந்து ஒரு வருஷமாகியும் பெட்ரோலுக்குக் கூப்பன்தான். ஹென்றிக்குச் சொந்தத் தோணி. தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனால், திரும்பி வர இரண்டு மூன்று வாரம் ஆகும். புறப்படும்போது நிரப்பிவிட்டுப் போகிற பெட்ரோல், வந்து பார்த்தால் சொட்டு இருக்காது. நிற்கிற வண்டி இப்படிக் குடிக்குமா? டாங்கைக் கழற்றிக்கூடப் பார்த்துவிட்டான். ஓட்டை இல்லை. இசபெல்லாவிடம் கேட்டால், "வெயில்ல ஆவியாப் போயிருக்கும்" என்பாள்.

எத்தனை ஆசையாக வாங்கிய வண்டி. பஞ்சுக் கம்பெனி வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பல் ஏறும்போது, அதன் கதையையும் சேர்த்துச் சொல்லித்தான் கொடுத்தார். பிரபுக்களுக்குப் பெரிய பெரிய கார் செய்து, விற்காமல் மூடுகிற நிலைக்கு வந்துவிட்ட கம்பெனியாம் அது. மோட்டார் சைக்கிளில் பெண்டாட்டி பிள்ளைகளைத் திணித்துக்கொண்டு திரிகிறவனுக்கும் ஒரு கார் வேண்டாமா என்று, கடைசி முயற்சியாகக் குட்டியாக ஒன்று செய்து பார்த்தார்களாம். அது விற்ற விற்பில் கம்பெனியும் பிழைத்தது, சீமையில் தபால்காரனும் கார்க்காரன் ஆனான். தூத்துக்குடியில் அதற்குப் 'பேபி கார்' என்று பேர்.

தன்னைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது என்பது ஹென்றி போட்ட சட்டம்.

இப்போது விற்கலாம் என்றால் அதுவும் லேசில் நடக்கவில்லை. வாங்க வந்தவர்கள் தெருமுனையோடு திரும்பிப் போனார்கள். தோணிகளுக்குப் பாய் தைக்கிற எதிர்வீட்டு வளன் ஒருவரிடம், "அந்த வண்டியா? மேட்டைக் கண்டா படுத்துக்கிடும்" என்று சொன்னது ஹென்றியின் காதுக்கே வந்தது. "ராசியில்லாத வண்டி" என்று இன்னொருவரை மீன்காரி திருப்பி அனுப்பியிருந்தாள். கார் வைத்திருக்கிறான் என்று தெருவுக்கே பொறாமை என முடிவு கட்டினான் ஹென்றி. இந்தத் தடவை தெருவில் யாருக்கும் தெரியாத ஆளாகப் பார்த்துப் பிடித்தான்.

ஆத்தூர் வெற்றிலை வியாபாரி மந்திரமூர்த்தி. பஸ்ஸை விட்டு இறங்கியவரை யாரும் பேச்சுக் கொடுப்பதற்குள் கூட்டிவந்து, வண்டிக்கு முன்னால் நிறுத்தினான். கடற்கரை ரோட்டில் இருவரும் ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது.

"குறை எதுவும் உண்டுமா?" என்று கேட்டார் மந்திரமூர்த்தி.

"பொய் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. பெட்ரோல் குடிக்கும். பின்னால பாக்கிற கண்ணாடி தானாக் கீழே சாயும். எத்தனை தடவை திருகி வச்சாலும், கொழும்புக்குப் போயிட்டு வந்து பாத்தா சாஞ்சுதான் இருக்கும். பின் சீட்டு சில நேரம் கழுவிவிட்டாப்புல நனைஞ்சு கிடக்கும்."

"மழை ஒழுகுதோ?"

"சித்திரையிலயும்லா நனையுது."

மந்திரமூர்த்தி சிரித்துவிட்டார். "ஒண்ணையும் மறைக்காமச் சொல்லுதீயளே. இதுக்கே வாங்கலாம். சாயங்காலம் டிரைவரோட வாரேன், எடுத்துக்கிடுதேன்."

வாசலில் நின்ற இசபெல்லாவின் முகம் இறுகியிருந்தது. "எனக்குச் சம்மதமில்ல," என்றாள்.

"உன்னை யாரு கேட்டா?" என்றான் ஹென்றி.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டிலிருந்து வளன் ஓடிவந்தான். ஹென்றிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏலே, கெடுக்கதுக்குன்னே வந்துட்டியா? வாயைத் திறந்த, இங்கனயே உனக்குப் பூசை விழும்."

"அதுக்கில்ல அண்ணே." வளனுக்கு மூச்சு வாங்கியது. "ஆக்னஸுக்கு விடியக்காலத்துல இருந்து வலி. பிள்ளை குறுக்கே கிடக்குன்னு மருத்துவச்சி கையை விரிச்சுட்டா."

வளனின் கண்கள் கலங்கியிருந்தன. ஹென்றியின் கோபம் போன இடம் தெரியவில்லை. போன வருஷம் வளனுக்கும் ஆக்னஸுக்கும் நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் ஹென்றிதான்.

"இதை முதல்ல சொல்லதுக்கென்ன? அண்ணாச்சி, கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்க, வியாபாரத்தைப் பொறவு பேசுவோம். வந்த விலை போனாலும் சரி, வண்டியே போனாலும் சரி, ஆக்னஸை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டுத்தான் மத்தது." வேட்டியை மடித்துக் கட்டினான் ஹென்றி. "வா, நான் ஓட்டுதேன்."

வளன் நகரவில்லை. தலையைச் சொறிந்தான். ஹென்றியைத் தாண்டி வாசலைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"என்னலே முழிக்க?"

"நீங்க வேண்டாம் அண்ணே. இசபெல்லா அக்காவைத்தான் கூட்டிட்டு வரச் சொன்னா ஆக்னஸ். நீங்க கொழும்புக்குப் போற நாள்ல எல்லாம் நம்ம தெருப் பொம்பளைகளைப் பிரசவத்துக்கு ஏத்திட்டுப் போறது அக்காதானே."

ஹென்றி திரும்புவதற்குள் வண்டி உறுமியது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள் இசபெல்லா.

"கோவிச்சுக்கிடாதீய அண்ணாச்சி, வண்டி விக்கதுக்கில்ல," என்று மந்திரமூர்த்தியிடம் சொன்னவள், கணவனைப் பார்த்தாள். "நீங்க பின்னால ஏறுங்க. ஆக்னஸைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."