கையோடு நின்ற அம்மை

கையை நீட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

தையல்நாயகி நீட்டவில்லை. இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு குடிசை வாசலில் நின்றாள்.

சுகாதார இன்ஸ்பெக்டர் லியாகத் அலி கீழ்வேளூரிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் பண்ணையின் காரியக்காரர் கலியபெருமாள். அவருக்கும் பின்னால் கடப்பாறையோடு நான்கு ஆட்கள்.

பெரியம்மை கண்ட குடிசையைப் பிரித்துவிட வேண்டும், அதுதான் ஊருக்கு நல்லது என்றார் காரியக்காரர்.

பண்ணை நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருக்கிறவருக்கே மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. வியாழக்கிழமை அளக்க வருகிறார்கள். அன்றைக்குக் குடிசை இல்லையென்றால் பட்டாவும் இல்லை. ஊருக்கு நல்லது என்பது யாருக்கு நல்லது என்று தெருவில் எல்லோருக்கும் புரிந்திருந்தது.

அவள் புருஷன் வைரக்கண்ணு வாசலை மறித்துக் குந்தியிருந்தான்.

"பயப்படாதீங்க. நீட்டுங்கம்மா."

நீட்டினாள்.

வலது கையில் மூன்று விரல், இடது கையில் கட்டைவிரல். ஓரம் சிவந்து, நடுவில் குழி விழுந்த கொப்புளங்கள். ஐந்து நாளாக அவளால் சோறு பிசைய முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். கழுத்து, பாதம், மறுபடியும் முகம். அங்கே ஒரு பொட்டுகூட இல்லை.

"பால் கறக்குறீங்களா?"

பண்ணை வீட்டு எருமையை அவள்தான் கறக்கிறாள் என்று வைரக்கண்ணு சொன்னான்.

அவர் வரப்பில் இறங்கிப் பண்ணைக் கொட்டிலுக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள். எருமையின் அருகே குனிந்து மடியைப் பார்த்தார். நான்கு காம்பிலும் அதே குழி விழுந்த புண்கள், பாதி காய்ந்திருந்தன.

"பெரியம்மை இல்ல," என்றார் நிமிர்ந்து. "எருமைக்கு வந்தது, கறந்த கைக்கு வந்திருக்கு. மாட்டு ஒடம்புல பழகுன சீக்கு. மனுஷ ஒடம்பு அதுக்கு இன்னும் பிடிபடல. கையோட நின்னுடும், ஊருக்குள்ள ஓடாது."

காரியக்காரர் எழுத்தில் கேட்டார். இன்ஸ்பெக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைக் காரியக்காரர் இரண்டு தடவை படித்து முடிப்பதற்குள் கடப்பாறை ஆட்கள் பாதி வரப்பைத் தாண்டிவிட்டார்கள். கடைசியில் அவரும் போனார்.

வைரக்கண்ணு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். தையல்நாயகி கொட்டில் காலில் சாய்ந்து நின்றாள். வியாழக்கிழமை வீடு நிற்கும். வெள்ளிக்கிழமையும் நிற்கும்.

இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்தார்.

"உங்களத் தவிர வேற யாரு கறந்தாங்க?"

"கூலி உசத்திக் கேட்டு நாங்க போன மாசம் இருவது நாளு வேலைக்குப் போவலீங்க. அப்ப பண்ணை வீட்டம்மாவே கறந்தாங்க."

பென்சில் நின்றது. வந்ததிலிருந்து முதல்முறையாக அவர் சிரித்தார்.

"அந்தம்மாவுக்கு அப்பதான் நான் அம்மை குத்தியிருந்தேன். குத்துன புண்ணுலேர்ந்து எருமைக்குப் போயிருக்கு. எருமைகிட்டேர்ந்து உங்களுக்கு. மாட்டு அம்மையிலேர்ந்து எடுத்து நான் குத்துற மருந்துதாம்மா உங்க கையில இருக்கு, இனி பெரியம்மை உங்கள அண்டாது."

தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மை குத்த அவர் அந்தத் தெருவுக்கு மூன்று தடவை வந்திருக்கிறார். மூன்று தடவையும் அவள் கொல்லைப்புறமாக ஓடி, சைக்கிள் போகிறவரைக்கும் இடுப்பளவு நெல்லுக்குள் குந்தியிருந்தாள். அவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுகூட அங்கே கேட்டது.

இன்ஸ்பெக்டர் நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினார். குத்திக்கொள்ளாதவர்கள் பட்டியலில் அவள் பெயரைத் தேடிப் பிடித்து, ஒரு கோடு போட்டு அடித்தார்.