இறக்கைக்குள் ஒரு கண்ணாடி

"பேரைச் சொல்லுங்க. சொல்லிட்டுச் சாப்பிடுங்க" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் மனைவி.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவன் வெறும் மேஜையைப் பார்த்தான்.

"சொல்ல மாட்டேன்."

"அப்ப வேலை?"

"போனா போகுது."

அப்படிச் சும்மா வந்த வேலை இல்லை அது. கல்யாணத்துக்குப் பிறகு விமானப் பாதுகாப்பில் மேற்படிப்பு படித்தான். அப்போதிருந்து சாப்பாடு, தூக்கம் எல்லாம் மாமனார் வீட்டில்தான். மாப்பிள்ளை விமானம் ஓட்டுகிறாரா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இல்லை. ரிப்பேர் செய்கிறாரா? அதுவும் இல்லை. பின்னே? "விழாம பாத்துக்கிறாராம்" என்பார் மாமியார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

மாமனார் மட்டும் சிரித்ததில்லை. விமானம் பழுதுபார்க்கும் கூடத்தில் அவர் மூத்த மெக்கானிக். எங்கள் இடத்துக்கு அப்படி ஒரு ஆள் வேண்டும், படியுங்கள் என்று பிடித்துத் தள்ளியவரே அவர்தான். படித்து முடித்ததும் அதே கூடத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இவன் சேர்ந்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

இன்று மத்தியானம், கிளம்பத் தயாராக நின்ற விமானத்தை நிறுத்திவிட்டான். இறக்கைக்குள் ஏதோ இருக்கிறது, மூடியைத் திறங்கள் என்றான். மாமனாரையும் அவரோடு வேலை பார்த்த அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்துவிட்டுத் திறந்தார்கள். நீளக் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி ஒன்று உள்ளே கிடந்தது. கண்ணுக்கு எட்டாத இடத்தில் நுழைத்துப் பார்ப்பதற்கானது. எல்லோரும் பொதுவில் எடுப்பது, அதனால் விட்டது யார் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. பறக்கும்போது அது நகர்ந்து போய் எங்காவது சிக்கியிருந்தால் அவ்வளவுதான், கதை முடிந்தது.

ஆபீசில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது எப்படித் தெரிந்தது? போன் வந்ததாம். விட்ட ஆளே பண்ணியதாம். அதுவரைக்கும் சொன்னான். பேரைக் கேட்டால் வாயில் பூட்டு. காலையில் பேர் வரவில்லை என்றால் நீயும் வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லி அனுப்பிவிட்டார்.

"எங்கப்பா இத்தனை வருஷத்துல ஒரு பேச்சு வாங்கினதில்ல" என்றாள் அவள். "இன்னிக்கு எவனோ பண்ணின தப்புக்கு அவரும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னிருக்காரு. உங்களுக்கு அந்த எவனோதான் பெருசாப் போயிட்டான்."

"அவர் சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அவரா? மரியாதை வேறயா?"

சமையலறையில் மாமியார், உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று பாத்திரத்திடம் சொன்னார். பாத்திரம் சத்தமாகவே ஆமாம் போட்டது.

அவன் குரலை உயர்த்தவில்லை. "இன்னிக்குப் பேரைச் சொன்னா, அடுத்த தடவை எவனும் போன் பண்ண மாட்டான். விமானம் அப்படியே கிளம்பிடும். நான் படிச்ச படிப்பைப் பிழிஞ்சா இவ்வளவுதான் வரும்."

அதில் நியாயம் இருப்பதுபோல் அவளுக்குப் பட்டது. அதனாலேயே எரிச்சல் கூடியது. தட்டை அவன் முன்னால் வைத்தாள். கொஞ்சம் ஓங்கித்தான் வைத்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமனார் வந்தார். தலை தொங்கவில்லை. தோளில் கிடந்த பாரத்தை எங்கோ இறக்கி வைத்துவிட்டு வந்தவர் மாதிரி நடந்தார்.

மேனேஜரைப் பார்த்துப் பேசிவிட்டு வருவதாகச் சொன்னார். முதலில் முறைத்தாராம். அப்புறம் ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்தாராம். கடைசியில் டீ சொன்னாராம். "இனிமே பேர் கேட்க மாட்டாரு. மாப்பிள்ளை வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

மாமியார் கரண்டியோடு வெளியே வந்தார். மகளுக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது.

"அந்த ஆள் யாருன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருச்சா? ரெண்டு அறை விட்டிருக்கலாம்ல?"

"விடலாம்தான். கை வரல" என்றார் மாமனார்.

மாப்பிள்ளை தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. மாமனார் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மத்தியானம் போன் பண்ணும்போதே சொன்னேனே மாப்பிள்ளை, கேட்டா என் பேரைச் சொல்லிடுங்கன்னு."