சத்தம் வைக்காத படம்

பாப்பாரப்பட்டி கல்யாண மண்டபத்தில், ஜன்னல்களைப் போர்வையால் மறைத்த பிற்பகல் இருட்டில், ஹுமேராவின் படம் ஓடுகிறது. காது கேளாத அவள், தன் உலகத்தில் ஊரைப் பன்னிரண்டு நிமிடம் உட்காரவைக்க, வேண்டுமென்றே சத்தமில்லாமல் எடுத்த படம். பாதியில் ஒலிபெருக்கி சினிமாப் பாட்டொன்றைப் பாடத் தொடங்குகிறது. அக்கா ஷகிலா பதறிப்போய்த் திரும்பிப் பார்க்கிறாள். மைக் செட் பூபதி குனிந்து, "சத்தமே வரலீங்கக்கா. சனம் எந்திரிச்சு வூட்டுக்குப் போயிருமேன்னு நானே பாட்டப் போட்டு உட்டுட்டேன்" என்கிறான், உதவிய பெருமையோடு. ஷகிலா வாய் திறப்பதற்குள் ஹுமேரா அவள் கையைத் தொடுகிறாள். ஹுமேரா திரையைப் பார்க்கவில்லை. அதன் வெளிச்சம் விழும் முகங்களைப் பார்க்கிறாள். எல்லாம் சிரிக்கின்றன, தலைகள் இதமாக ஆடுகின்றன. 'அவங்களுக்குப் புரிஞ்சிருச்சா?' என்று விரல்களால் கேட்கிறாள். அந்தத் தலைகளோடு ஷகிலாவின் தலையும், ஆமாம் என்று, ஆடுகிறது.