நொச்சித் தைலமும் இருநூறு கொசுவும்

கொசுக் கூண்டுக்குள் முழங்கை வரை கையை விட்டபடி, தாவரவியல் விரிவுரையாளர் கோதண்டராமன் கல்யாண மாப்பிள்ளை போலச் சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே இருநூறு கொசுக்கள். பத்து நிமிடமாக ஒன்றுகூடக் கடிக்கவில்லை.

நொச்சி இலைச் சாற்றையும் வேப்பெண்ணெயையும் கலந்து அவரே காய்ச்சிய தைலம் அது. கொசு பிடித்துத் தரச் சொன்னால் விலங்கியல் துறைக்காரர்கள் கண்டுபிடிப்பில் பங்கு கேட்பார்கள் என்று, இதுவரை இலை மட்டுமே பறித்துவந்த தன் துறை அட்டெண்டர் வேடியப்பனை அனுப்பியிருந்தார். முந்தின சாயங்காலம் முழுக்க அடி அண்ணாமலை மாட்டுக்கொட்டகையில் குந்திப் பிடித்து வந்தவர், உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லாமல் கதவோரம் நின்றார்.

ஊரில் மலேரியா. டி.டி.டி. மருந்துக்குக் கொசு பழகிவிட்டது என்று சுகாதார அதிகாரி பலராமனே கல்லூரிக்கு வந்திருந்தார். தைலம் தேறினால் கோதண்டராமனின் ஐந்து வருடத் தற்காலிக வேலை நிரந்தரமாகும். சிபாரிசுக் கடிதத்தின் மேல் கல்லூரி முதல்வர் அருணகிரி பேனா மூடியைக் கழற்றித் தயாராக இருந்தார்.

"என் கைய வுட்டுப் பாக்கறேன். தைலம் இல்லாம," என்றார் பலராமன்.

விட்டார். கொசுக்கள் உண்ணாவிரதப் பந்தலில் இருப்பவை போல வலையிலேயே உட்கார்ந்திருந்தன.

 கோதண்டராமன் சட்டென்று சமாளித்தார். "ரூம் முழுக்க வாசனை பரவிடுச்சு சார்."

"அப்போ தடவவே வேணாங்களா?"

"மூடியத் தொறந்தாலே போதும்."

"அடேங்கப்பா. தீபத் திருவிழாவுக்கு மலையச் சுத்தி எட்டு லிங்கத்துகிட்டயும் ஒவ்வொரு பாட்டிலத் தொறந்து வெச்சிட்டா, வேலை முடிஞ்சுது."

முதல்வருக்கும் ஆசை வந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூண்டுக்குள் நுழைத்தார். மூன்று பேரும் முறை வைத்துக் கையை நுழைத்து, ராட்டினம் ஏறிய பிள்ளைகளைப் போலக் கெக்கலித்தார்கள்.

சிரித்து முடித்த முதல்வர், கையெழுத்துப் போடக் குனிந்தபடியே கதவோரம் பார்த்தார். "ஏம்பா வேடியப்பா, இவ்ளோ கொசு புடிச்சிருக்கியே, உன்னை ஒண்ணுகூடக் கடிக்கலியா?"

வேடியப்பன் பெருமையோடு கைகளை நீட்டிக் காட்டினார்.

"கடிக்க வந்தத எல்லாம் அங்கயே அடிச்சிட்டேன் சார். கடிக்காததா பாத்துதான் புடிச்சாந்தேன்."