இரண்டு தட்டு, ஒரு சுற்று

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் ஆஸ்டின் மறுபடி ஆரம்பித்துவிட்டான்.

வலது கை மேலே போகும். இடது கை இடுப்புக்கு வரும். பிறகு இரண்டு தட்டு, உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சுற்று.

சுற்றும்போது அவன் முழங்கை பக்கத்தில் இருந்த அம்மாளை இடித்தது. அந்த அம்மாள் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்ததில்தான் கோபம் அதிகம்.

நான் அவன் கையைப் பிடித்து மடியில் அழுத்திவைத்தேன். என் பிள்ளையைப் பிடித்துவைப்பதுதான் எனக்கு முழுநேர வேலை.

ஒரு மாதமாக இதே கூத்து. சாப்பிடும்போது, குளிக்கும்போது, கடையில் நிற்கும்போது. போன ஞாயிறு மாதா கோயிலில் பூசைக்கு நடுவே எழுந்து சுற்றியதில் சாமியாரே பிரசங்கத்தை நிறுத்திவிட்டார். எல்லாத் தலையும் திரும்பியது.

அதற்காகத்தான் காலையிலேயே ஆட்டோ பிடித்து, தில்லை நகரில் இவனைப் போன்ற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவரிடம் கூட்டிப்போய்விட்டு வருகிறேன். இப்படிப் புதுப்புதுப் பழக்கம் வரும், கையைச் சும்மா விடாதீர்கள் என்று சொல்லி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அனுப்பினார். அதைப் பிடித்துக்கொண்டேதான் இப்போதும் ஆடுகிறான்.

எட்டு வயதாகிறது. தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, போகலாம். இவ்வளவுதான் பேச்சு.

நல்லவேளையாக இன்றைக்கு ஸ்கூல் லீவு. நேற்று சாயங்காலம் மகாலட்சுமி மிஸ்ஸே போன் பண்ணிச் சொன்னார். வழக்கமாக அவர் போன் என்றாலே ஏதாவது குற்றச்சாட்டுதான். பென்சிலைக் கடிக்கிறான், வகுப்பை விட்டு வராந்தாவுக்கு ஓடிவிடுகிறான், மற்ற பிள்ளைகள் படிக்க வேண்டாமா, வந்து கூட்டிப்போங்கள். இந்த மாதமெல்லாம் வராந்தா புகார்தான்.

நானும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்பேன். எதற்கென்று எனக்கே தெரியாது. பெற்றதற்கு என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். ஹெச்.எம். தலையைக்கூட நிமிர்த்தாமல், இவனுக்கென்று தனி ஸ்கூல் இருக்கிறதே என்பார்.

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலும் நான் இல்லை. தன் பெண்ணை இவன் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டாம் என்று ஒரு அம்மா எழுதியதற்குப் பதில் எழுதினேன். என்னைத் தூக்கிவிட்டார்கள்.

லீவு என்று எவ்வளவு சொல்லியும் காலையில் இவன் கேட்கவில்லை. யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். சட்டையைக் கழற்றுவதற்குள் என் தோளைக் கடித்துவிட்டான். நானும் ஓர் அடி வைத்தேன்.

மாம்பழச்சாலையைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரே கார்களாக இருந்தன. எங்கேயோ ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது.

பாட்டைக் கேட்டதும் ஆஸ்டின் என் கையை உதறிக்கொண்டு இறங்கி ஓடினான். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவன் போய் நின்றது ஸ்கூல் வாசலில். கேட்டில் வாழைமரம் கட்டியிருந்தது. மேலே ஆண்டு விழா பேனர். உள்ளே பட்டுப்புடவை கட்டிய அம்மாக்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

லீவு இவனுக்கு மட்டும்தான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கையை நீட்டித் தடுத்த வாட்ச்மேனைத் தள்ளிக்கொண்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். என் பிள்ளையை ஒளித்துவைக்க நீங்கள் யார் என்று மைக்கைப் பிடுங்கிக் கேட்பது என்றே முடிவு செய்திருந்தேன். ஒரு மன்னிப்பும் இன்றைக்குக் கிடையாது.

மேடையில் அவன் வகுப்புதான் ஆடிக்கொண்டிருந்தது. பையன்கள் கட்டம்போட்ட துண்டு, பெண்கள் பச்சைப் பாவாடை. பிள்ளைகளுக்கு மறந்துவிடாமல் இருக்க, மேடைக்குக் கீழே நின்று மகாலட்சுமி மிஸ் ஆடிக்காட்டிக்கொண்டிருந்தார்.

வலது கை மேலே. இடது கை இடுப்பில். இரண்டு தட்டு, ஒரு சுற்று.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

பக்கத்தில் ஆஸ்டின் ஆடிக்கொண்டிருந்தான். மேடையில் இரண்டு பிள்ளைகள் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் முட்டிக்கொண்டார்கள். இவன் முட்டவில்லை, மறக்கவில்லை. மைதானத்தில் ஒத்திகை நடந்தபோதெல்லாம் வராந்தாவுக்கு ஓடியிருக்கிறான்.

மிஸ் எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கூட்டம், சத்தம்னு பயந்துடுவானேன்னுதாங்க லீவுன்னு சொன்னேன். இவனை நாங்க சேர்க்கவே இல்லையே, எப்பங்க கத்துக்கிட்டான்?"

இவன் என்ன செய்கிறான் என்று ஒரு நாளாவது கவனித்தீர்களா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

ஆஸ்டினின் மணிக்கட்டு கண்ணில் பட்டது. பஸ்ஸில் நான் அழுத்திப் பிடித்த இடம் இன்னும் சிவந்திருந்தது.

அந்த இடத்தைத் தடவிக்கொடுத்தேன்.

பாட்டு மறுபடி அந்த இடத்துக்கு வந்தது. ஆஸ்டின் கை தட்டினான். சத்தம் வரவில்லை. உள்ளங்கையில் இருந்த பந்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

நான் பந்தை வாங்கிக்கொண்டேன்.