அடுப்படிச் சாவி

"பூட்டைக் கழட்டி வீசிட்டேன் சார்! இந்தாங்க சாவி, நீங்களே வச்சுக்கங்க. இனி இந்த வீட்டுல அடுப்படிக்குப் பூட்டு எதுக்கு?"

பாண்டீஸ்வரி சாவியைச் சித்தார்த்தின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். வில்லாபுரத்தில் அப்பளக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். உளுந்து மாவு இன்னும் நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. சித்தார்த் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. மூன்று நாளாக அவனுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

ஆறு வருட ஆராய்ச்சி. உடம்பில் இருக்கும் கொழுப்பு சும்மா தொங்குகிற சதை இல்லை. 'சாப்பிட்டது போதும்' என்று மூளைக்குச் சேதி அனுப்புவதும் அதுதான். சில பிள்ளைகளுக்கு அந்தச் சேதி போய்ச் சேருவதே இல்லை. எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது. அந்தச் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்க அவன் ஒரு மருந்து கண்டுபிடித்தான். இருபத்துநான்கு பிள்ளைகளுக்கு ஆறு மாதம் வாராவாரம் ஊசி போட்டான். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று பெற்றவர்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அந்தப் பட்டியலை உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள்.

இருபத்துமூன்று பேருக்கு ஒரு கிலோகூடக் குறையவில்லை. நாளை ஆராய்ச்சிக் கமிட்டி கூடி எல்லாவற்றையும் இழுத்து மூடப்போகிறது. மிச்சமிருப்பது பதினாலாம் நம்பர் மட்டும்தான். பாண்டீஸ்வரியின் மகள் சுபலட்சுமி. பதினொரு வயதுப் பெண், எழுபத்தொரு கிலோவிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தாள். அவளை வீட்டில் வைத்து நேரில் பார்க்கத்தான் வந்திருந்தான். உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஃபோன் பண்ணுவதாக, கூட வேலை பார்க்கும் இசைவாணி சொல்லியிருந்தாள்.

"வீட்டுல எப்படிம்மா சாப்பிடுறா?"

"அத ஏன் கேக்குறீங்க! பச்ச மாவை அள்ளிக் குடிச்சவ சார் இவ. பக்கத்து வீட்டு ஆட்டுக்கு வச்ச கழனித்தண்ணிக்குள்ள கைய விட்டவ. புள்ள வளக்கத் தெரியலைன்னு தெருவே என்னையத்தான் ஏசுச்சு. இப்ப ரெண்டே இட்லி சார். 'போதும்மா'ங்குறா! பெத்த நாள்லருந்து அந்த வார்த்தைய நான் கேட்டதே இல்ல."

சுபலட்சுமி சுவரைப் பார்த்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பென்சிலைப் பாதிவரை கடித்துக் குதறியிருந்தாள்.

"சுபா, சாருக்கு வச்ச பணியாரத்துல நீயும் ஒண்ணு எடுத்துக்கடி."

"வேணாம்மா. போதும்."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த சொம்பைத் தூக்கி மடமடவென்று தண்ணீரைக் குடித்தாள்.

"பாத்தீங்களா? தண்ணி மட்டும் எம்புட்டுக் குடுத்தாலும் குடிப்பா." பாண்டீஸ்வரிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "மொத ஊசி போட்ட அன்னைக்கு இவளையும் கூட்டிக்கிட்டுப் பாண்டி கோயிலுக்குப் போனேன் சார். எந்த ராத்திரி இவ வாயால போதும்னு சொல்றாளோ, அந்த ராத்திரிதான் எனக்குச் சோறுன்னு நேந்துக்கிட்டேன். பத்து நாள் பட்டினி. பதினோராம் நாள் சொன்னா பாருங்க! சாமியோ, உங்க ஊசியோ, எனக்குத் தெரியல. அன்னைலருந்து ஒரு நாள் தப்பாம நானும் சாப்பிடுறேன். இப்ப நான்தான் குண்டாயிட்டு வாரேன்!"

சித்தார்த்துக்கு நெஞ்சு லேசானது. ஒருத்தி போதும். இவளுக்கு ஏன் வேலை செய்தது என்று தேடிப்போனால் மற்றவர்களுக்கும் வழி கிடைக்கும். மூன்று நாளில் முதல் முறையாக அவனுக்குப் பசித்தது. தட்டிலிருந்த பணியாரத்தில் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றான். பாண்டீஸ்வரி காபி போட அடுப்படிக்குள் போனாள்.

ஃபோன் அடித்தது. இசைவாணி.

"உறையப் பிரிச்சிட்டேன் சித்தார்த். பதினாலு... உப்புத் தண்ணி."

"சரியாப் பாரு."

"மூணு தடவ பாத்துட்டேன். ஆறு மாசமும் வெறும் உப்புத் தண்ணிதான் போயிருக்கு. மருந்து ஒரு சொட்டுகூடப் போகல."

அவன் ஃபோனை அணைத்தான். ஆறு வருடமும் பாழ். அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அதற்குள் இன்னொரு கேள்வி வந்தது. அப்படியானால் பதிமூன்று கிலோ எப்படிக் குறைந்தது?

எழுந்துபோய்ச் சுபலட்சுமியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"சுபா, நெசத்தச் சொல்லு. உனக்குப் பசிக்கவே இல்லையா?"

அவள் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். உள்ளே அம்மா காபி ஆற்றும் சத்தம் கேட்டது. பிறகு அவன் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"பசிக்குது சார். எப்பவும்போலத்தான். பூட்டு இருந்தப்பவாச்சும் பரவாயில்ல." அவள் குரலை இறக்கிக்கொண்டாள். "அம்மாகிட்டச் சொல்லிராதீங்க சார். நான் போதும்னு சொன்னாத்தான் அது சாப்பிடும்."